கோடை லீவில் பள்ளி மண்புழுத் தொட்டி காய்ந்து போனது: மறுபடி தொடங்கலாமா?

ஒட்டன்சத்திரம் டீச்சர் | 2024 ஜூன் 22

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். போன ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழு அம்மாக்களும் நாங்களும் சேர்ந்து, பள்ளிக்குப் பின்னால் சும்மா கிடந்த 12 சென்ட் இடத்தில் தோட்டம் போட்டோம். பாதி பிள்ளைகளுக்கு, பாதி ஊர்க்காரர்களுக்கு. உரத்துக்காக 10 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி உயரத்தில் சிமெண்ட் தொட்டி கட்டி, 3 கிலோ புழு வாங்கி விட்டோம். டிசம்பரிலும் மார்ச்சிலும் உரம் எடுத்தோம். அந்த உரத்தில் வந்த கத்தரிக்காயைச் சத்துணவுச் சாம்பாரில் போட்டபோது பிள்ளைகளுக்கு இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் லீவு வந்தது. தண்ணீர் தெளிக்க ஒருவரிடம் சொல்லியிருந்தோம். அவருக்கு உடம்பு முடியாமல் போய், மே இரண்டாவது வாரத்திலிருந்து யாரும் வரவில்லை. ஜூன் 10 பள்ளி திறந்ததும் நேராகத் தொட்டிக்குத்தான் போனேன். மேல்மண் வறண்ட கண்மாய் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. தோண்டினால் எறும்பு. புழு ஒன்றுகூட இல்லை.

குழாய் ஓரமாக இருக்கிற மூலையில் மட்டும் அடியில் சிமெண்ட் விரிசல் விட்டிருக்கிறது. அங்கே கொஞ்சம் ஈரம். அந்த விரிசலுக்குள் மண்ணைக் கிளறியபோது 11 புழுக்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் முடிச்சுப் போட்ட நூல் மாதிரி தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு, ஒரு சின்ன மண் உருண்டைக்குள் இருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதைக் கையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், நாம லீவுக்கு வீட்டுக்குப் போயிட்டோம். அதுங்க எங்க போகும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

மறுபடி புழு வாங்கிவிட்டால் போதுமா? இந்த 11 புழு மட்டும் எப்படிப் பிழைத்தது? அடுத்த மே மாதத்துக்கு என்ன செய்வது?

எருக்குழி தாராபுரம் | 2024 ஜூன் 22

டீச்சர், முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். மேலே என்ன கூரை? லீவு விடும்போது தொட்டிக்குள் என்ன இருந்தது?

ஒட்டன்சத்திரம் டீச்சர் | 2024 ஜூன் 22

தகரக் கூரை, ஐயா. நன்கொடையாகக் கிடைத்தது. லீவில் தீனி இல்லாமல் போய்விடக் கூடாதே என்று கடைசி நாளில் இரண்டு கூடை சாணமும், காய்கறி மார்க்கெட்டிலிருந்து வந்த தக்காளி, கோஸ் கழிவும் நிறையப் போட்டு மூடினோம்.

எருக்குழி தாராபுரம் | 2024 ஜூன் 22

அந்தக் கடைசி நாள் தீனியே பாதிப் புழுவைக் கொன்றிருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் இதே தப்பைச் செய்தவன்தான். பச்சைச் சாணம் மக்கும்போது சூடு கிளம்பும். சாணத்தை நிழலில் 15 நாளாவது ஆறப்போட்டு, கையை விட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் புழுவுக்குக் காட்ட வேண்டும். நீங்கள் ஒரே நாளில் பச்சைச் சாணமும் பச்சைக் காயும் நிறையப் போட்டுவிட்டீர்கள். மேலே தகரம், சுற்றிலும் சிமெண்ட், கத்திரி வெயில். சூடு வெளியே போக வழியே இல்லை.

தகரத்தைக் கழற்ற வேண்டாம். அதன் மேல் தென்னங்கீற்றை இரண்டு அடுக்குப் பரப்பிக் கட்டுங்கள். முடிந்தால் தொட்டியையே வேப்பமர நிழலுக்கு மாற்றுங்கள். மரநிழலுக்கு ஈடாக எந்தக் கூரையும் கிடையாது.

மண்ணியல் மாணவி | 2024 ஜூன் 23

மதுரை வேளாண் கல்லூரியில் படிக்கிறேன். டீச்சரின் இரண்டாவது கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உரத்துக்கென்று விற்கிற புழு பெரும்பாலும் ஐசீனியா ஃபெட்டிடா, இல்லையென்றால் ஆப்பிரிக்கப் புழு என்று சொல்லும் யூட்ரிலஸ் யூஜினியே. இரண்டும் மேல்மட்டத்தில், மக்கும் குப்பைக்குள்ளேயே வாழ்கிற இனங்கள். வளை தோண்டி ஆழத்துக்குப் போகிற பழக்கம் அவற்றுக்கு இல்லை. 25 முதல் 30 டிகிரி வரை சுகமாக இருக்கும். 35ஐத் தாண்டினால் சாகத் தொடங்கும். மண்புழு மூச்சு விடுவது தோலால்தான், அந்தத் தோல் ஈரமாக இருந்தால்தான் மூச்சு. காய்ந்தால் மூச்சு நின்றுவிடும்.

விரிசலுக்குள் சுருண்டு கிடந்த 11 புழுவும் நீங்கள் வாங்கியவையாக இருக்காது, டீச்சர். நம் ஊர் மண்ணிலேயே இருக்கிற நாட்டுப் புழுவாக இருக்கும். லாம்பிட்டோ மாரிட்டி என்ற இனம் தமிழ்நாட்டில் பரவலாக உண்டு. கோடையில் அது கீழே இறங்கி, சின்ன அறை மாதிரி செய்துகொண்டு சுருண்டு உறங்கும். மழை வந்ததும் அவிழ்ந்து மேலே வரும். அந்த விரிசல் வழியாகத் தொட்டிக்கும் தரைக்கும் அதுவாகவே போய்வந்திருக்கிறது. உங்கள் மாணவி கேட்டாளே, அதுங்க எங்கே போகும் என்று. நாட்டுப் புழு கீழே போகும். வாங்கிய புழுவுக்கு அந்தப் பழக்கமும் இல்லை, அடியிலும் சிமெண்ட்.

இன்னொன்று, பழைய உரத்தைத் தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். புழு செத்திருந்தாலும் அதன் முட்டைக் கூடுகள் பிழைத்திருக்கலாம். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, எலுமிச்சம்பழ வடிவத்தில், தேன் நிறத்தில் இருக்கும். ஈரம் இருந்த மூலையிலிருந்து உரத்தை எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பித் தேடச் சொல்லுங்கள். பிள்ளைகளின் கண்ணுக்குச் சீக்கிரம் அகப்படும். தேடி முடித்ததும் அதை நிழலில் ஒரு மண்சட்டியில் போட்டு, ஈரச் சாக்கால் மூடி, நான்கு வாரம் காத்திருந்து பாருங்கள்.

மாடித்தோட்டம் அம்பத்தூர் | 2024 ஜூன் 23

எங்கள் குடியிருப்பில் 40 வீடுகளுக்கு ஒரு பொதுத் தோட்டம் இருக்கிறது. நாங்கள் தொட்டியே கட்டவில்லை. சில்பாலின் என்கிற தடித்த பிளாஸ்டிக் தார்ப்பாய்ப் பையை மரத்தடியில் வைத்திருக்கிறோம். ஈரம் பார்ப்பதற்கு ஒரே வழிதான்: ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. தண்ணீர் ஒழுகினால் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் உடனே தெளியுங்கள்.

கோடையில் காலையும் மாலையும் தெளிக்கிறோம், மேலே கோணிச்சாக்கை நனைத்துப் போடுகிறோம். சாக்கின் ஈரம் காயும்போது அடியில் குளிர்ச்சி நிற்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தானே.

டீச்சர், மே மாதத்துக்கு எங்கள் யோசனை: லீவுக்கு முன்னால் ஆளுக்கொரு பழைய மண்சட்டியில் 50 புழு போட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். சட்டியின் அடியில் ஒரு துளை இருக்கட்டும். பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிழலில் வைத்தால் போதும். பத்துச் சட்டி போய் நான்கு திரும்பி வந்தாலும் விதைப்புழு உங்கள் கையில் இருக்கும்.

எருக்குழி தாராபுரம் | 2024 ஜூன் 24

எல்லோரும் புழுவைப் பற்றியே பேசுகிறோம். நான் தீனியைப் பற்றிக் கேட்கிறேன். டீச்சர், தோட்டம் போடுவதற்கு முன்னால் சத்துணவுக் கூடத்துக் காய்த்தோல் எங்கே போனது?

ஒட்டன்சத்திரம் டீச்சர் | 2024 ஜூன் 24

பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டி இருக்கிறார், ஐயா. நான்கு வெள்ளாடு வைத்திருக்கிறார். அவர்தான் தினமும் வந்து வாங்கிக்கொண்டு போவார். தொட்டி கட்டியதும் நாங்கள் நிறுத்திவிட்டோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் தோட்டத்துப் பக்கமே வருவதில்லை.

எருக்குழி தாராபுரம் | 2024 ஜூன் 24

அதைத்தான் நினைத்தேன். காய்த்தோல் ஆட்டுக்குத்தான் போக வேண்டும், டீச்சர். ஆடு தின்றால் பாலும் குட்டியும் வரும், மிச்சம் புழுக்கையாக வரும். அந்தப் புழுக்கையைத் தண்ணீரில் ஊறவைத்து உடைத்து, சூடு ஆறவைத்துப் போட்டால் மண்புழு சந்தோஷமாகத் தின்னும். ஆட்டின் வாயிலிருந்து பிடுங்கிப் புழுவுக்குக் கொடுத்தால் ஊருக்கு நஷ்டம்தான். முன்பெல்லாம் நம் கிராமங்களில் குப்பை என்று தனியாக ஒன்று கிடையாது. கழுநீர் மாட்டுக்கு, தோல் ஆட்டுக்கு, சிந்தியது கோழிக்கு. யாரும் தின்னாததுதான் எருக்குழிக்கு வரும்.

உங்கள் பள்ளியில் யாரும் தின்னாதது எது? மரத்தடிச் சருகு. அதை என்ன செய்கிறீர்கள்?

ஒட்டன்சத்திரம் டீச்சர் | 2024 ஜூன் 24

வாரம் ஒருமுறை கூட்டிக் கொளுத்துகிறார்கள். எழுதும்போதே கை கூசுகிறது.

மண்ணியல் மாணவி | 2024 ஜூன் 25

எருக்குழி ஐயா சொல்வது சரி. குப்பையைக் கொளுத்தக் கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது. அதைவிட, சருகு இல்லாமல் மக்கு உரமே அமையாது. காய்கறிக் கழிவிலும் சாணத்திலும் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம். சருகில் கரிமச்சத்து (கார்பன்) அதிகம். தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமச்சத்து 25 முதல் 30 பங்கு இருந்தால் நாற்றமில்லாமல் மக்கும். கணக்குப் பார்க்கத் தேவையில்லை, ஒரு கூடை பச்சைக்கு மூன்று கூடை சருகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் புழு இல்லாமல் ஒரு குவியல் போடுங்கள். குறைந்தது 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரம். அதைவிடச் சின்னதாக இருந்தால் சூடு நிற்காது. நன்றாக அமைந்த குவியலின் நடுவில் 55 முதல் 65 டிகிரி வரை ஏறும். களை விதையும் ஈ முட்டையும் அந்தச் சூட்டில் அழியும். வாரம் ஒருமுறை வெளிப்புறத்தை உள்ளே தள்ளிப் புரட்ட வேண்டும். சூடு தணிந்த பிறகு அதை எடுத்துப் புழுவுக்குத் தீனியாகப் போட்டால் ஆபத்தே இல்லை. வேப்பிலையையும் நாட்டுப் பாதாம் இலையையும் பச்சையாகப் புழுவுக்குப் போடாதீர்கள். இப்படி மக்கிய பிறகு போடலாம். பாதாம் இலை தடிமன், அதனால் மிதித்து நொறுக்கிப் போடுங்கள்.

சத்துணவுக் கூடத்துப் பிள்ளை | 2024 ஜூன் 26

என் அம்மா 19 வருடமாகச் சத்துணவு அமைப்பாளர். அவர் சார்பில் இதை எழுதுகிறேன். தோட்டம் போடுகிற பள்ளிகளில் கழிவைத் தரம் பிரிக்கிற வேலை பெரும்பாலும் சமையல் உதவியாளர் தலையில்தான் விழுகிறது. காலை உணவுத் திட்டம் வந்த பிறகு கூடம் மதியத்துக்கு மட்டும் இல்லை, காலையிலும் ஓடுகிறது. எனவே பிரிக்கிற வேலையைத் தட்டு கழுவும் இடத்தில் பிள்ளைகளே செய்யட்டும். மூன்று வாளி போதும்: முட்டை ஓடு, மிச்சச் சோறு, கறிவேப்பிலை மிளகாய் மாதிரி ஒதுக்கிவைத்தவை.

முட்டை ஓடு வாரத்தில் ஐந்து நாளும் வரும். வெயிலில் காயவைத்து, சாக்கில் போட்டு மிதித்துத் தூளாக்கிப் போட்டால் புளிப்பு ஏறாது என்று அம்மா சொல்கிறார். சாம்பார் சோறு மட்டும் புழுவுக்கு வேண்டவே வேண்டாம். உப்பும் புளியும் சேர்ந்தது.

மண்ணியல் மாணவி | 2024 ஜூன் 26

அம்மா சொல்வது அத்தனையும் சரி. உப்பு, புழுவின் தோலிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும். மிச்சச் சோற்றைச் சருகுக் குவியலின் நடுவில் குழி பறித்துப் போட்டு, மேலே அரை அடி சருகு மூடுங்கள். எலியும் நாயும் வருவது குறையும். அப்படியும் அங்கே தட்டையான பழுப்பு நிறப் புழுக்கள் நெளிந்தால் பயப்பட வேண்டாம். அது வீட்டு ஈ இல்லை, வேறு ஒரு ஈயின் புழு. சோற்றை வேகமாகத் தின்று தீர்த்துவிட்டுப் போய்விடும்.

ஒட்டன்சத்திரம் டீச்சர் | 2024 ஜூலை 20

நான்கு வாரம் ஆகிவிட்டது, சொல்ல நிறைய இருக்கிறது.

வெள்ளைத் தாளில் பரப்பித் தேடினோம். 63 கூடு. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு கூட்டைக் கைவிளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உள்ளே சிவப்பு நூல் அசைகிறது என்று கத்தினான். எல்லோரும் வரிசையில் நின்று பார்த்தோம். தோலுக்கு உள்ளே, முடியளவு மெல்லியதாக, இரண்டு உயிர் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தது. இன்று காலை சட்டியின் சாக்கைத் தூக்கினேன். அடியில் வெள்ளையாக, அரை அங்குலம்கூட இல்லாத குட்டிகள். எண்ண முடிந்தவரை எண்ணினோம், 80க்கு மேல். புழு வாங்கவே இல்லை.

அடுத்தது பாட்டி. போன வாரம் நானும் இரண்டு பிள்ளைகளும் காய்த்தோல் வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். "கேக்காம நிறுத்திட்டோம், தப்புதான் பாட்டி" என்றேன். அவர் வாளியை வாங்கி ஆட்டுக்குக் கொட்டிவிட்டு, "வாளிய நாளைக்கு நானே கொண்டாந்து குடுக்கறேன் கண்ணு" என்றார். மறுநாள் வாளி நிறையப் புழுக்கையோடு வந்தார்.

சருகு கொளுத்துவதை நிறுத்தியாகிவிட்டது. இரண்டு குவியல் போட்டிருக்கிறோம்.

மாடித்தோட்டம் அம்பத்தூர் | 2024 ஜூலை 20

படிக்கும்போதே கண் கலங்குகிறது, டீச்சர்.

ஒரு சந்தேகம். நாட்டுப் புழு கோடையைத் தாங்குகிறது என்றால், வெளிநாட்டுப் புழுவை எதற்கு வளர்க்க வேண்டும்? சென்னை நியூ காலேஜில் பேராசிரியராக இருந்த முனைவர் சுல்தான் அகமது இஸ்மாயில் பல வருடமாக உள்ளூர் இனங்களைத்தானே பயன்படுத்தச் சொல்கிறார்?

மண்ணியல் மாணவி | 2024 ஜூலை 21

நானும் அந்தக் கட்சிதான், அக்கா. அவர் லாம்பிட்டோ மாரிட்டி, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் இரண்டையும் சேர்த்து வளர்ப்பதைப் பற்றி நிறைய வேலை செய்திருக்கிறார். பெரியோனிக்ஸ் மேலே குப்பையைத் தின்னும், லாம்பிட்டோ மண்ணுக்குள் வளை போடும். உரம் கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் மண்ணுக்குள்ளும் வேலை நடக்கும். பள்ளிக்கு அவசரம் எதுவும் இல்லையே.

பிடிப்பதும் சுலபம். மரத்தடியில் ஈரமாக, புழு எச்சம் சின்னச் சின்ன உருண்டையாகத் தெரிகிற இடமாகப் பாருங்கள். அரைக்கிலோ வெல்லம், அரைக்கிலோ சாணம் இரண்டையும் 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒரு மீட்டர் சதுரத்தில் தெளியுங்கள். மேலே வைக்கோலும் பழைய சாக்கும் போட்டு மூன்று நான்கு வாரம் ஈரம் காக்க வேண்டும். சாக்கைத் தூக்கினால் கூட்டமாக இருக்கும்.

நல்லூர் கதியால் | 2024 ஆகஸ்ட் 4

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன், பாடசாலை ஆசிரியர். நீங்கள் மக்கு உரம் என்பதை நாங்கள் கூட்டெரு என்போம். எங்கட பாடசாலைத் தோட்டத்திலயும் சருகுதான் அடிப்படை. அதோட வேலியில நிக்கிற சீமைக்கிளுவையையும் (கிளைரிசிடியா மரம்) பூவரசையும் வெட்டிக் குழையை, அதாவது இலை தழையை, அடுக்கடுக்காகப் போடுவோம். சீமைக்கிளுவையில தழைச்சத்து நிறைய, அதனால சாணம் குறைவாகக் கிடைக்கிற இடத்துக்கு அது பெரிய உதவி. பனையோலையைத் தோட்டத்து மண்ணுக்குள்ள தாட்டு உரமாக்குகிற வழக்கமும் எங்களிட்ட பழையகாலத்தில் இருந்தே இருக்கு.

டீச்சர், உங்கள் தோட்டத்து வேலிக்குக் கம்பி போட்டிருந்தால் அதன் ஓரமாகச் சீமைக்கிளுவைக் கதியாலை (வேலிக்கு நடுகிற தடியை) ஊன்றிவிடுங்கோ. வேலியும் ஆகும், எருவும் ஆகும், பாட்டியின்ட ஆட்டுக்குக் குழையும் ஆகும்.

ஒட்டன்சத்திரம் டீச்சர் | 2024 நவம்பர் 9

அவசரம். மூன்று நாளாக மழை. இன்று காலை புழுக்கள் எல்லாம் தொட்டிச் சுவரில் ஏறி நிற்கின்றன. சில வெளியே விழுந்து செத்திருக்கின்றன.

எருக்குழி தாராபுரம் | 2024 நவம்பர் 9

அடியில் தண்ணீர் தேங்கிவிட்டது, டீச்சர். தேங்கினால் காற்று போகாது, அதனால்தான் ஏறுகிறது. உடனே ஒரு கடப்பாரையால் அடியோரத்தில் இரண்டு துளை போடுங்கள். உள்ளே காய்ந்த சருகையும் அட்டைத் துண்டையும் கலந்து கிளறுங்கள். வடிகிற பழுப்புத் தண்ணீரைக் கீரையில் ஊற்ற வேண்டாம், மரத்தடியில் விடுங்கள். அது பயிருக்குத் தெளிக்கிற மண்புழுக் குளியல் நீர் (வெர்மிவாஷ்) இல்லை, வெறும் கழிவு வடிசல்.

ஒட்டன்சத்திரம் டீச்சர் | 2024 நவம்பர் 12

துளை போட்டோம். இரவோடு இரவாக இறங்கிவிட்டன. நன்றி ஐயா.

மழை விட்ட காலையில் சருகுக் குவியலிலிருந்து புகை மாதிரி ஆவி வந்தது. கடப்பாரையைக் குவியலுக்குள் செருகி, ஒரு பாடவேளை கழித்து உருவிப் பிள்ளைகளைத் தொடச் சொன்னேன். தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார்கள். நெருப்பே இல்லாமல் இரும்பு எப்படிச் சுட்டது என்று அன்று முழுக்க என்னை விடவில்லை. பாடம் எடுத்து முடித்து, எல்லோரையும் சோப்புப் போட்டுக் கை கழுவவைத்து அனுப்பினேன்.

ஒட்டன்சத்திரம் டீச்சர் | 2025 ஜூன் 3

நேற்று பள்ளி திறந்தது.

லீவுக்கு முன்னால் செய்ததைச் சொல்கிறேன். பழைய தொட்டியில் பாதிப் புழுவை விட்டுவிட்டு, மீதியை வேப்பமரத்தடியில் ஒன்றரை அடி ஆழக் குழிக்கு மாற்றினோம். அடியில் சிமெண்ட் இல்லை, மண்தான். மேலே ஒரு அடி சருகு, அதன் மேல் சாக்கு, அதன் மேல் கீற்று. கடைசி மூன்று வாரம் பச்சையாக எதுவும் போடவில்லை. 14 பிள்ளைகள் சட்டி கொண்டு போனார்கள்.

தண்ணீருக்குப் பாட்டி பொறுப்பேற்றார். நாங்கள் கேட்கவில்லை. "ஆட்டுக்குத் தண்ணி காட்ட தெனமும் வர்றேன், அதுக்கும் ரெண்டு குடம் ஊத்தினா என்ன" என்று அவரே சொன்னார். மேலாண்மைக் குழுவில் பேசி, சுவர்ப்பக்கத்துச் சின்னக் கதவின் சாவியை அவரிடம் கொடுத்தோம். லீவில் சத்துணவுக் கூடம் மூடியிருக்கும், ஆட்டுக்குக் காய்த்தோல் கிடைக்காது. அதற்காக வேலியோரச் சீமைக்கிளுவையை வெட்டிக்கொள்ளச் சொன்னோம்.

பழைய தொட்டியில் முக்கால்வாசி போய்விட்டது. தண்ணீர் ஊற்றியும் சிமெண்ட் சூடு தாங்கவில்லை. குழியில் சாக்கைத் தூக்கியதும் முதலில் எதுவும் தெரியவில்லை, மனசு திக்கென்றது. பாட்டி பக்கத்தில் நின்று, "கீழ பாரு கண்ணு" என்றார். ஒரு சாண் தோண்டினேன். கைப்பிடி மண்ணுக்கு ஏழெட்டுப் புழு. கூடுகளும் நிறைய. சட்டிகளில் ஒன்பது உயிரோடு திரும்பி வந்தன. ஒரு சட்டியில் கீரை முளைத்திருக்கிறது.

போன வருடம் அந்தக் கேள்வி கேட்டு, இப்போது ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளை குழியோரத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். சாவியைத் திருப்பிக் கொடுக்கப் பாட்டி இடுப்பிலிருந்து எடுத்தார். தலைமையாசிரியர் வேண்டாம் என்றுவிட்டார்.

எருக்குழி தாராபுரம் | 2025 ஜூன் 3

பழைய தொட்டியின் அடியை உடைத்துவிடுங்கள், டீச்சர். சம்மட்டியோடு ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். ஒரு சட்டிப் புழு எனக்கும் எடுத்துவையுங்கள்.